மூன்றாவது சரணம்

எனக்கு ரேடியோவோடு சண்டை போடுகிற வழக்கம் இருந்தது. நிஜமாகவே சண்டைதான். எழுபதுகளில் மதுரை வில்லாபுரத்து வீட்டில், அலமாரியின் மேல்தட்டில், அம்மா தைத்த பூப்போட்ட உறைக்குள் எங்கள் ரேடியோ உட்கார்ந்திருந்தது. பாட்டு நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். சரணத்தில் ஒரு சொல் வரவேண்டிய இடத்தில் வேறு சொல் வரும். இல்லாவிட்டால் சரணமே வராமல் நேராகப் பல்லவிக்குத் தாவிவிடும். "ஏன், கேட்டா எங்க காது அழுகியா போயிரும்?" என்று அதைப் பார்த்துக் கத்துவேன். விட்டுப்போன சரணத்தை நானே உரக்கப் பாடி முடித்த பிறகுதான் அடுத்த பாட்டைக் கேட்க மற்றவர்களுக்கு அனுமதி. அதற்குள் அடுத்த பாட்டில் பாதி போயிருக்கும். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

தணிக்கை என்றால் என்னவென்று எனக்குப் புரியவைத்தது ஒரு சினிமாக் கொட்டகை. ஒரு பாட்டில் நாயகியின் உதடுகள் இரண்டும் ஒட்டிப் பிரிந்தன. காதில் விழுந்ததோ உதடு ஒட்டாமல் சொல்லக்கூடிய ஒரு சொல். "அழகு" என்றது குரல். வாய் அதைச் சொல்லவில்லை. படம் எடுத்த பிறகு அந்தச் சொல் கூடாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பாடகியை மறுபடி கூப்பிட்டு அந்த ஒற்றைச் சொல்லை மட்டும் மாற்றிப் பாடவைத்து ஒட்டியிருக்கிறார்கள். கோபம் ஒரு பக்கம் இருக்க, அந்தப் பாடகியை நான் மெச்சிக்கொள்ளவும் செய்தேன். அதே மூச்சு, அதே குழைவு, முன்னும் பின்னும் ஒரு பிசிறு இல்லை. உதட்டைக் கவனிக்காதவர்களுக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது.

அப்படியானால் பழைய சொல் எது? அது தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. படம் தணிக்கைக்குப் போவதற்கு முன்பே இசைத்தட்டு அடித்துவிடுவார்கள், அதில் பழையபடிதான் இருக்கும் என்று அக்காதான் எங்கேயோ கேட்டு வந்து சொன்னாள். இசைத்தட்டு இருந்த இடம் தெற்குவாசல், பாயின் கடை.

பாய் கல்யாணம் காட்சிகளுக்கு ரேடியோ செட் போடுகிறவர். பிளேயர், இசைத்தட்டுப் பெட்டிகள், மைக், பெரிய வாயுள்ள ஸ்பீக்கர்கள் எல்லாம் சேர்ந்ததுதான் ரேடியோ செட். அந்த ஸ்பீக்கரை எங்கள் பக்கம் குழாய் என்போம். அடக்கமான மனிதர் என்று அவரைச் சொல்ல முடியாது. சட்டைப் பையில் சீப்பு இருக்கும், பாட்டுக்குப் பாட்டு தலை சீவுவார். மதுரை ஜில்லாவிலேயே தன் செட் மாதிரி பாடுகிற செட் கிடையாது என்று கேட்காமலேயே சொல்வார். நானும் அக்காவும் போய் நின்று விஷயத்தைச் சொன்னதும், "இம்புட்டுத்தானா?" என்று தட்டை எடுத்து வைத்தார். சொல் வந்தது. இடுப்பு. எங்கள் அம்மாவுக்குத் தினமும் வலிக்கிற அதே இடுப்புதான். அதற்கா இத்தனை வெட்டும் ஒட்டும் என்று எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. பாய் தலையைச் சீவிக்கொண்டே சிரித்தார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வெட்டாத பாட்டெல்லாம் வைத்திருந்த அதே பாய்தான் எங்கள் ஊரின் பெரிய வெட்டுக்காரர். கல்யாண வீட்டில் ஒரு பாட்டு ஓடும்போது பிரிவு, சாவு, சாபம் என்று ஏதாவது வரி வரப்போகிறதென்றால், அதற்கு முந்தைய வாத்திய இசையிலேயே அவர் விரல் பிளேயர் முள்ளுக்குப் போய்விடும். முள்ளைத் தூக்குவார். அந்த வரியைத் தாண்டி அடுத்த இடத்தில் கச்சிதமாக வைப்பார். நடுவில் விழுகிற இடைவெளியை மைக்கில் பேசி அடைப்பார். "மணமக்கள் வீட்டார் சார்பில் அனைவரையும் அன்புடன் வரவேற்கிறோம்" என்பார். வெட்டு கொஞ்சம் நீளம் என்றால், "பந்தி தயாராக உள்ளது, பெரியோர்கள் சாப்பிட வரவும்" என்பார். உள்ளூர்க்காரர்களுக்கு இது தெரியும். பாட்டுக்கு நடுவே பந்திக்குக் கூப்பிட்டால் ஒருத்தரும் அசைய மாட்டார்கள். வெளியூர் மாப்பிள்ளை வீட்டார் மட்டும் நம்பி எழுந்துபோய் இலை போடாத பந்தியில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள்.

நான் விடுவேனா? ஒரு காதுகுத்து வீட்டில் எனக்குப் பிடித்த பாட்டொன்றில் அவர் முள்ளைத் தூக்கியதும் நேராக அவரிடமே போய்க் கேட்டேன். "பாய், ரேடியோக்காரந்தான் பாட்டக் கொல்றான்னா நீங்களுமா?"

அவர் கோபப்படவில்லை. "தங்கச்சி, தியேட்டர்ல பாட்டுக் கேக்குறவன் டிக்கெட் எடுத்துப் போய்க் கேக்குறான். ரேடியோவப் பிடிக்கலைன்னா திருகி அணைச்சுப்புடலாம். எங்கொழாய யாரு அணைக்கிறது? அவனியாபுரம் வரைக்கும் கேக்குது. எந்த வீட்ல என்ன துக்கமோ, எவன் என்ன மனசோட படுத்துக் கெடக்கானோ. கேக்க மாட்டேன்னு சொல்ல வழி இல்லாத ஆளுக்கு நாமதான பாத்துப் போடணும்?"

எனக்கு அந்தப் பாட்டை அவர் வெட்டியது இன்னமும் பிடிக்கவில்லை. ஆனால் அவர்மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

அந்தக் காலத்தில் ஒரு கல்யாணப் பாட்டு இருந்தது. அது பாடாமல் எங்கள் பக்கம் தாலி ஏறாது. மூன்று சரணம். ரேடியோவில் இரண்டாவது முடிவதற்குள் செய்தியோ விளம்பரமோ வந்து தின்றுவிடும். மூன்றாவது சரணத்தைக் கேட்க வேண்டுமானால் கல்யாண வீட்டுக் குழாய்தான் கதி. மஞ்சள் கயிறு ஒருத்தி கழுத்தில் ஒரு தடவைதான் ஏறும், ஏறிய பிறகு அவள் போகும்போதுதான் அதுவும் போகும் என்று பொருள்படும் நாலு வரி. அந்தச் சரணத்துக்குத்தான் பெண்கள் வேலையை விட்டுவிட்டுக் கண் கலங்குவார்கள். என் அக்கா கல்யாணத்திலும் பாய்தான் செட் போட்டார், அந்தப் பாட்டு முழுசாக ஓடியது, மூன்றாவது சரணத்துக்கு நானும்தான் அழுதேன்.

அக்காவைத் திருமங்கலத்தில் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை நல்ல மனிதர். கல்யாணமாகி இரண்டாவது தீபாவளி வருவதற்குள் பைபாஸ் ரோட்டில் லாரி மோதிப் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளை இல்லை. காரியம் முடிந்து அக்கா எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தாள். அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

அவள் வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது, பின்தெருவில் ஒரு கல்யாணம். பாயின் செட். குழாயின் வாய் எங்கள் வீட்டைப் பார்த்தே இருந்தது. காலையிலேயே அந்தப் பாட்டு தொடங்கிவிட்டது. நான் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தேன். கதவைச் சாத்தினால் அக்காவுக்குத் தெரிந்துவிடும், சாத்தாவிட்டால் கேட்கும். அக்கா அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். முதல் சரணம் போனது. இரண்டாவது போனது. மூன்றாவதுக்கு முந்தைய புல்லாங்குழல் தொடங்கியதும் நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். புல்லாங்குழல் பாதியில் நின்றது. "பந்தி தயாராக உள்ளது" என்றார் பாய். அதன்பின் பல்லவி வந்துவிட்டது.

கல்யாண வீட்டார் சண்டைக்குப் போனார்களாம். அந்தப் பாட்டின் உயிரே அந்தச் சரணம்தானே என்று கேட்டார்களாம். "பிளேட்டு கீறல் விழுந்துருச்சு, முள்ளு நிக்கல" என்றாராம் பாய். தன் செட்டைப் பற்றி ஒரு குறை சொல்லப் பொறுக்காத மனிதர், தன் வாயாலேயே தன் தட்டு கீறல் என்று சொன்னார். கல்யாண வீட்டில் ஒரு கூட்டமே மூன்றாவது சரணத்துக்குக் காத்திருக்க, பின்தெருவில் வெங்காயம் உரிக்கிற ஒருத்தியை நினைத்து முள்ளைத் தூக்கிய அந்தக் கையை எப்படிப் புகழ்வதென்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. அக்கா வெங்காயத்தின்மேல் பழியைப் போட்டு நெடுநேரம் அழுதாள்.

அதற்குப் பிறகு எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் அந்தப் பாட்டு இரண்டு சரணத்தோடு நின்றது. காரணம் தெருவுக்குப் புரிந்துவிட்டது. தெருவும் அதையே செய்யத் தொடங்கியது. அக்கா தண்ணீருக்குப் போனால் வளைகாப்புப் பேச்சு நிற்கும். "இன்னிக்கு வெயிலு எம்புட்டு பாத்தியா" என்பார்கள். எதிர்வீட்டு மதினி தன் மகள் பூப்புச் சடங்குக்கு எங்களை அழைக்க வந்து, அக்கா உள்ளே இருந்ததைப் பார்த்துவிட்டு, மோர் குடித்துவிட்டு விஷயத்தைச் சொல்லாமலே போனாள். கெட்ட மனசு ஒருத்தருக்கும் இல்லை. அவள் மனசு நோகக்கூடாதென்று எல்லாரும் எல்லாவற்றையும் அவளிடமிருந்து தூக்கித் தூக்கி வைத்தார்கள். கடைசியில் அவளிடம் பேச வெயிலும் மழையும் தவிர ஒன்றும் மிச்சமில்லை. இதற்கு நான் யாரிடம் சண்டை போடுவது?

எண்பது பிறந்த சமயம் கீழக்குயில்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மில்லில் வேலை. அவருக்கும் முதல் மனைவி காலமாகியிருந்தாள். அவருக்காக எந்தக் கல்யாண வீட்டிலும் யாரும் எந்தச் சரணத்தையும் வெட்டியதில்லை. ஆண்பிள்ளைக்குப் பாட்டு எதுவும் சுடாது போலிருக்கிறது. ஆனால் மனிதர் பண்பானவர். நேரில் வந்து, "உங்க மகளுக்குச் சம்மதம்னாத்தான்" என்றார். அக்கா இரண்டு நாள் யோசித்துச் சம்மதம் என்றாள்.

அப்பா அவனியாபுரம் ரோட்டில் பருத்திக்கொட்டை, புண்ணாக்குக் கடை வைத்திருந்தவர். மகளுக்கு மறுபடி விடிந்ததே என்று அவருக்குச் சந்தோஷம்தான்; சந்தோஷத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது. "வீட்டோட வச்சு, நெருங்குன சொந்தத்த மட்டும் கூப்புட்டு, சத்தமில்லாம முடிச்சுப்புடுவோம்" என்றார். தெருவில் யாருக்கும் அழைப்பு இல்லை. குழாய் இல்லை.

அக்கா அதுவரை எதற்கும் எதிர்த்துப் பேசியதில்லை. எதிர்த்துப் பேசுகிற வேலையை நானே மொத்தமாக எடுத்துக்கொண்டிருந்தேன். அன்று அவள் அப்பா எதிரில் வந்து நின்றாள். "கொழாய் கட்டணும்ப்பா. பாய் வரணும். இல்லாட்டி இந்தக் கல்யாணம் வேணாம்."

"ஊர் வாய மூட முடியுமாத்தா?" என்றார் அப்பா.

"நீங்க மூட வேணாம். அதுக்கு மேல சத்தமா கொழாயக் கட்டுங்க, போதும்."

எனக்குக் கை தட்ட வேண்டும்போல் இருந்தது. அப்பா கடைசியில் குழாய்க்குச் சம்மதித்தார். ஆனால் அவரும் ஒரு வெட்டு வைத்தார். பக்திப் பாட்டு மட்டும்தான் போட வேண்டும். தெருவுக்கு அழைப்பும் கிடையாது.

கல்யாணத்தன்று பாய் விடியலிலேயே வந்து மொட்டைமாடியில் குழாயைக் கட்டிவிட்டார். முருகன் பாட்டு, அம்மன் பாட்டு, பிள்ளையார் பாட்டு. மறுபடி முருகன். நடப்பது கல்யாணமா கோயில் திருவிழாவா என்று கேட்டால் எனக்கே சந்தேகம்தான். வாசலில் பந்தல் இருந்தது, பந்தலில் ஆள் இல்லை. உள்ளே சொந்தக்காரர்கள் சிலர் துக்கம் விசாரிக்க வந்தவர்களைப்போல் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். தெருவில் எல்லா வீட்டுக் கதவும் ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. ஜன்னல்களில் தலை தெரிந்து மறைந்தது. அழைக்காத வீட்டுப் படி ஏறக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வெற்றிலை பாக்குத் தட்டோடு வீட்டு ஆள் வந்து வாயால் கூப்பிட்டாக வேண்டும்.

தாலி கட்டி முடிந்ததும் அக்கா என்னை அருகே கூப்பிட்டாள். "பாய்கிட்டச் சொல்லு. அந்தப் பாட்டப் போடட்டும். முழுசா."

எந்தப் பாட்டு என்று நான் கேட்கவில்லை. மாடிக்கு ஓடினேன். பாய் ஒரேயடியாக மறுத்துவிட்டார். "என்ன வெளையாடுறியா தங்கச்சி? நல்ல நாளும் அதுவுமா அந்தப் புள்ள காதுல அத எங்கையால ஊத்தவா? மாட்டேன்."

"அந்தப் புள்ளதான் சொல்லி விட்டுருக்கு."

அவர் நம்பவில்லை. பிள்ளையார் பாட்டை ஓடவிட்டுவிட்டு, தலையைக்கூடச் சீவாமல் கீழே இறங்கி வந்து அக்கா எதிரில் நின்றார். அப்பாவும் பக்கத்தில் இருந்தார்.

"ஏம்மா, வேணாம்மா" என்றார் பாய்.

"பாய், அன்னிக்கு எனக்காகத்தான் முள்ளத் தூக்குனீங்கன்னு தெரியும். எனக்குன்னு ஒருத்தர் யோசிச்சாரேன்னு அழுதேன். அத நான் சாகுற மட்டும் மறக்க மாட்டேன்." அக்காவின் குரல் நடுங்கவில்லை. "ஆனா அதுக்கப்பறம் எல்லாருமே தூக்க ஆரம்பிச்சிட்டாங்க பாய். நான் வந்தா பேச்ச முழுங்குறாங்க. இன்னிக்கும் தூக்குனா, எங்கல்யாணமும் மறைக்க வேண்டிய விஷயம்னு ஆயிரும். போடுங்க. நான் கேட்டுக்கிறேன்."

பாய் அப்பாவைப் பார்த்தார். அப்பா மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை, "அவ சொல்றபடியே போடுங்கண்ணே" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அவரை எனக்கு ஆயுசுக்கும் பிடித்துப்போனது. அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தூணோரம் போய் நின்றார்.

பாய் மாடிக்குப் போனார், நானும் பின்னாலேயே போனேன். பெட்டியின் அடியிலிருந்து அந்தத் தட்டை எடுத்துச் சட்டை நுனியால் துடைத்தார். கீறல் ஒன்றும் இல்லை, பளபளவென்று இருந்தது. முள்ளை வைத்தார். பல்லவி கேட்டதுமே உள்ளே மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தவர்கள் அதையும் நிறுத்திவிட்டார்கள். முதல் சரணம், இரண்டாவது சரணம். புல்லாங்குழல் வந்ததும் பாயின் விரல் பழக்கத்தில் முள்ளுக்குப் போய்விட்டது. போன கையை இழுத்துக் கைலியில் துடைத்துக்கொண்டு பின்னால் கட்டிக்கொண்டார். மூன்றாவது சரணம் முழுசாக, ஒரு சொல் குறையாமல், வில்லாபுரம் முழுக்கப் போனது.

நான் மாடிப்படியிலிருந்து கீழே அக்காவைப் பார்த்தேன். எல்லாரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் தலை குனியவில்லை. மாலை கழுத்தை உறுத்தியது போலிருக்கிறது, சரிசெய்துகொண்டாள். சரணம் முடிந்து பல்லவி வந்தது. கூரை இடிந்து விழவில்லை, யாருக்கும் எதுவும் ஆகவில்லை. மாப்பிள்ளை அவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

அப்போதுதான் எதிர்வீட்டுக் கதவு முழுசாகத் திறந்தது. மதினி வந்தாள். பட்டுச்சேலை கட்டியிருந்தாள். எப்போது கட்டினாளோ, காலையிலிருந்தே கட்டிக்கொண்டுதான் ஜன்னலில் நின்றாளோ. எங்கள் பந்தலுக்கு வெளியே, தெருவிலேயே நின்றுகொண்டாள். படி ஏறவில்லை. அப்பா வாசலுக்கு வந்தார்.

"மாமா, முழுப் பாட்டும் கேட்டுச்சு" என்றாள் மதினி. "நாங்க வந்தா புள்ளைக்குச் சங்கடமா இருக்கும்னுதான் அம்புட்டுப் பேரும் உள்ளயே கெடந்தோம். சங்கடமில்லேல்ல? கூப்புட்டா வருவோம் மாமா."

அப்பா விறுவிறுவென்று உள்ளே வந்து, மணவறைக்குப் பக்கத்திலிருந்த வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். செருப்புக்கூடப் போடவில்லை. முதலில் மதினியிடம் தட்டை நீட்டினார். பிறகு பக்கத்து வீடு, அதற்கடுத்த வீடு என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று கூப்பிட்டார். தாலி கட்டி முடிந்த பிறகு அழைப்பு வைத்த தகப்பன் மதுரையில் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

பாட்டு முடிந்திருந்தது. பாய் அடுத்த தட்டை வைக்கவில்லை. தெருவிலிருந்து அப்பாவின் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. "எம் மூத்த மக கல்யாணம். எல்லாரும் வந்துருங்க."

அக்கா என் கையைப் பிடித்தாள். "அப்பா கூப்புடுறாருடி" என்றாள். பட்டுச்சேலைத் தலைப்பில் முகத்தை வைத்து அழுதாள்.